வேனுக்குள் கேட்ட கோல்

பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை, காலை ஒன்பது மணி. லண்டனின் கிழக்கே பார்க்கிங் என்ற பகுதியில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் அடுக்களையில் நின்று, அவித்த மரச்சீனிக் கிழங்கை ஒரு டப்பாவிலும் சாளைமீன் குழம்பை இன்னொரு டப்பாவிலும் அடைத்துக்கொண்டிருந்தேன். கால்பந்து வீரர் ஒருவரைப் பார்க்கப் போகிறவர்கள் கையெழுத்து வாங்கப் பேனா எடுத்துப் போவார்கள். நான் குழம்பு எடுத்துப் போனேன். பையில் ஒரு பந்தும் இருந்தது, ஆனால் அதற்கு இரண்டாம் இடம்தான்.

"தம்பி, உந்தக் குளிருக்க உந்த மெல்லிய ஜாக்கெட்டோட எங்க வெளிக்கிடுறீர்?" என்றார் குணம் அண்ணை. வீட்டுக்காரர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. என் ஜாக்கெட்டின் மீது அவருக்கு முதல் நாளிலிருந்தே நம்பிக்கை கிடையாது.

"எட்மண்டனுக்கு அண்ணே. இன்னைக்குத்தானே அவரைப் பார்க்கிறதாச் சொன்னேன்."

"ஓ, லவ்மோரிட்டயே! அப்ப கெதியா வெளிக்கிடும். பிந்திப் போனா அவனுக்குப் பிடிக்காது. என்னோட ஒண்டா மினிபஸ் ஓடினவன், ஒரு நாளும் பிந்தி வந்தது கிடையாது. ஆனா ஆளோட கதைக்கிறது கஷ்டம், கேட்டீரே? மழையைப் பற்றிக் கதைப்பான். பிறகு வாயை மூடியிடுவான்."

லவ்மோர் சிசாலே யார் என்று இதைப் படிக்கும் உங்களில் அநேகமாக ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டுக்காரர். ஃபார்வர்ட். உலகக் கோப்பையில் ஆடியதில்லை, ஐரோப்பாவில் எந்த அணிக்கும் ஆடியதில்லை. அவர் ஆடியது செவன்ஸ். கேரளத்திலும் அதை ஒட்டிய எங்கள் கன்னியாகுமரிக் கடற்கரையிலும் மழைக்காலம் முடிந்தால் தொடங்கும் விளையாட்டு அது. பக்கத்துக்கு ஏழு பேர், சின்ன மைதானம், ஆஃப்சைடு கிடையாது, கமுகு மரத்தில் கட்டிய கேலரியில் தலை மேல் தலையாகக் கூட்டம். ஒவ்வொரு அணியும் சீசனுக்கு இரண்டு மூன்று ஆப்பிரிக்கர்களைக் கூலிக்கு அழைத்து வரும். போஸ்டரில் அவர்கள் முகம்தான் பெரிதாக இருக்கும்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது லவ்மோர் எங்கள் ஊரில் ஒரு கோல் அடித்தார். இறுதி ஆட்டம், கடைசி நிமிடம், பாதி மைதானத்திலிருந்து இடது காலால். பந்து எழும்பி, விளக்கு வெளிச்சத்துக்கு மேலே போய்க் காணாமல் போய், திரும்ப இறங்கி வலையில் விழுந்தது. உடனே மைக்கில் எங்கள் ஊர் அறிவிப்பாளர் ஸ்டீபன் மாமாவின் குரல். எங்கள் பக்கத்தில் அது ஒரு வழக்கம்: கோல் அடித்தவன் பேரை மூன்று முறை விளிக்க வேண்டும், மூன்றாவது முறை மூச்சு முடியும்வரை இழுக்க வேண்டும். "லவ்மோர்... லவ்மோர்... லவ்மோஓஓஓர்!" அந்த இழுப்பு முடியும் இடத்தில், மைதானத்துக்குப் பின்னால் நிற்கும் வெடிக்காரர் திரியைப் பற்ற வைப்பார். அன்று வெடித்த வெடி இன்னும் என் காதில் இருக்கிறது. நான் கணினி படித்தது, லண்டனுக்கு மேற்படிப்புக்கு வந்தது, வேலையில் சேர்ந்தது எல்லாம் அதற்கப்புறம் நடந்த சில்லறை விஷயங்கள்.

அவர் லண்டனில் இருக்கிறார் என்று தெரிய வந்ததே மரச்சீனியால்தான். போன மாதம் அடுக்களையில் நான் அந்தச் சொல்லைச் சொன்னதும் குணம் அண்ணை கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "நில்லும்! உந்தச் சொல்லை முந்தி ஒருத்தன் சொன்னவன். நாங்கள் மரவள்ளி எண்டெல்லோ சொல்றது. டிப்போவில நான் மீன்குழம்பு சாப்பிட, ஒரு ஆபிரிக்கக்காரன் வந்து மணந்து பார்த்திட்டு 'மரச்சீனி இல்லையா' எண்டு கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது!"

அவன் பேர் லவ்மோர் என்று அவர் சொன்னதும் எனக்கும்தான். அன்றே ஊருக்கு ஃபோன் செய்தேன். எங்கள் கிளப் செயலாளர் ஜெரோம் அண்ணன் மொபைல் கடை வைத்திருக்கிறார், எதையும் உடனே செய்துவிடும் ஆள். கேட்ட மாத்திரத்தில் இந்த வருடப் போட்டியில் சிறந்த ஃபார்வர்டுக்கு 'லவ்மோர் கோப்பை' என்று அறிவித்துவிட்டார். இறுதி ஆட்டம் இன்று, இந்திய நேரம் இரவு ஏழரைக்கு. லண்டனில் அப்போது மதியம் இரண்டு. அதற்குள் நான் லவ்மோரிடம் ஒரு வீடியோ வாழ்த்து எடுத்து அனுப்ப வேண்டும், மைதானத்தில் பெரிய திரையில் போடுவார்கள். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

ஒன்பதே முக்காலுக்கு பார்க்கிங் ஸ்டேஷன். ஓவர்கிரவுண்ட் ரயில் பாதி காலி. பார்க்கிங்கிலிருந்து வடக்கு லண்டனில் இருக்கும் எட்மண்டனுக்கு ரோட்டு வழி பன்னிரண்டு மைல் இருக்கும். ரயிலில் ஒரு இடத்தில் இறங்கி நடந்து இன்னொன்றில் ஏற வேண்டும். கட்டணம் இரண்டு பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே. ஜன்னலுக்கு வெளியே வீடுகளின் முதுகுகள் வந்துகொண்டே இருந்தன. கொடியில் காயாத துணி, துருப்பிடித்த பார்பிக்யூ அடுப்பு, மூடிப்போட்ட ஊஞ்சல். லண்டன் ரயில்கள் மனிதர்களுக்குப் பின்வாசலைத்தான் காட்டுகின்றன. லெய்டன்ஸ்டோன், வால்தம்ஸ்டோ, பிளாக்ஹார்ஸ் ரோடு என்று ஒலிபெருக்கிப் பெண்குரல் ஒவ்வொரு பேரையும் தப்பில்லாமல் சொன்னது. பெட்டியில் இருந்த பதினைந்து இருபது பேரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு இது பழகிவிட்டது என்று சொல்லத்தான் ஆசை. வாரம் முழுக்க நான் பேசுவது திரையில் இருக்கும் சின்னச் சின்ன முகங்களோடு. ஆபீஸ் வரவேற்பில் இருக்கும் முதியவர் என்னை "குட் மார்னிங், கார்த்திக்" என்பார். கார்த்திக் எனக்கு முன்னால் வேலை பார்த்து விட்டுப் போனவர், நான் அவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. முதல் வாரமே திருத்தியிருக்கலாம். இப்போது ஐந்து மாதம் ஆகிவிட்டது, இனிமேல் சொன்னால் அவர் சங்கடப்படுவார். அதனால் கார்த்திக்காகவே போய் கார்த்திக்காகவே வருகிறேன்.

சவுத் டோட்டன்ஹாமில் இறங்கி செவன் சிஸ்டர்ஸுக்கு நடந்தேன். ஐந்து நிமிட நடை, ஐந்து நிமிடமும் ஊசிக் காற்று. குணம் அண்ணை சொன்னது சரிதான். அங்கே ஏறிய ரயிலில் மட்டும் சத்தம் இருந்தது: கழுத்தில் ஸ்கார்ஃப் சுற்றிய கூட்டம், மதிய ஆட்டத்துக்கு இப்போதே கிளம்பிவிட்டது. எல்லோரும் ஒயிட் ஹார்ட் லேனில் இறங்கினார்கள். வீட்டுக் கூரைகளுக்கு மேலே டோட்டன்ஹாம் கிளப்பின் பிரம்மாண்ட மைதானம் கரை ஒதுங்கிய கப்பல் மாதிரி நின்றது. அதில் டிக்கெட் வாங்க என் வாரச் சம்பளத்தில் ஒரு துண்டு போகும். அதற்கு இரண்டே ஸ்டேஷன் தள்ளி என் நாயகர் இருக்கிறார், அவரைப் பார்க்கக் காசு வேண்டாம், கிழங்கு போதும். இந்த நினைப்பில் நான் ஜன்னலைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டும். எதிரில் இருந்த அம்மா தன் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எட்மண்டன் கிரீன். ஸ்டேஷனை விட்டு வந்தால் சந்தை. வாழைக்காய், சேனை, காய்ந்த மீன், பெட்டி பெட்டியாக மரச்சீனி. ஒரு கிழங்கு என் முழங்கை நீளம். நான் பார்க்கிங்கிலிருந்து சுமந்து வந்தது ஃப்ரீசர் பாக்கெட், இரண்டு பவுண்டு. இங்கே மண்ணோடு கிடந்தது. முதல் அசட்டுத்தனம்.

"எனக்கா அது?"

திரும்பினேன். உயரமான மனிதர், சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி, கவுன்சில் கொடுத்த நீலக் கோட்டு. ஒரு முழங்காலை மடக்காமல் நடந்து வந்தார். தாடியில் வெள்ளை. போஸ்டரில் பார்த்த சிரிப்பு இல்லை, ஆனால் அந்த நெற்றி இருந்தது.

"சார், நான் உங்க..."

"சார் வேண்டாம்." ஆங்கிலம்தான் பேசினார், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து. "உங்கள் கடற்கரையில் என்னை லவ் அண்ணன் என்பார்கள்." 'அண்ணன்' மட்டும் தமிழில் வந்தது, அதுவும் எங்கள் ஊர் அண்ணன்.

சந்தைக்கு உள்ளேயே ஒரு கடையில் தேநீர் வாங்கினோம். கோப்பை ஒரு பவுண்டு அறுபது. அவர் நாலு சர்க்கரை போட்டார். குணம் அண்ணை எச்சரித்தபடி முதலில் மழையைப் பற்றிப் பேசினார், பிறகு காற்றைப் பற்றி. நான் விடவில்லை. கேள்விகளை அடுக்கினேன், பதில் வருவதற்குள் அடுத்ததைக் கேட்டேன். அவரும் மெல்ல மெல்ல அசைந்து கொடுத்தார்.

பிளான்டயர் நகரத்தில் பிறந்தார். துணி ஆலை அணிக்கு ஆடினார். தேசிய அணியின் பயிற்சி முகாமுக்கு ஒருமுறை அழைத்தார்கள், ஆட்டத்துக்கு அழைக்கவில்லை. ஒரு ஏஜென்ட் கொல்கத்தாவில் பெரிய கிளப் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தார். விமான நிலையத்துக்கு வெளியே "இங்கேயே நில்" என்றவர், பிறகு வரவில்லை. அங்கே அறிமுகமான ஒரு நைஜீரியர்தான் தெற்கே ரயில் ஏற்றிவிட்டார், அங்கே ஏழு பேர் ஆட்டம் இருக்கிறது, சோறு நன்றாக இருக்கும் என்று.

"சோறு நன்றாக இருந்ததா?"

"சோறு நன்றாக இருந்தது" என்றார். "ஒரு சீசனில் எழுபது, எண்பது ஆட்டம். மாலையில் வேனில் ஏறு, ஆடு, வேனில் தூங்கு. எந்த ஊர் என்று பாதி நாள் தெரியாது. எல்லா ஊரிலும் என் முகம் ஒட்டியிருக்கும். அதனால் நான் ஏற்கெனவே அங்கே வந்துவிட்டது மாதிரி இருக்கும்."

ஐந்து சீசன். பிறகு முழங்கால் போனது. ஊருக்குத் திரும்பி, கல்யாணம் செய்து, நர்ஸான மனைவியோடு இங்கிலாந்துக்கு வந்தார். இப்போது மனைவி லீட்ஸில், இவர் எட்மண்டனில். "சண்டை இல்லை. அவளுக்கு அங்கே ஷிப்ட், எனக்கு இங்கே ஷிப்ட். பிறகு அது அப்படியே ஆகிவிட்டது." வார நாட்களில் மினிபஸ்ஸில் வயதானவர்களைப் பகல்நேர மையத்துக்குக் கொண்டுபோய் விட்டு, கொண்டுவந்து விடுகிறார். சனி ஞாயிறு? "சலவை" என்றார்.

பன்னிரண்டரைக்கு அங்கிருந்து நடந்து ஒரு பூங்காவுக்குப் போனோம். வீடியோ எடுக்கப் பின்னணியில் கோல் கம்பம் வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். மைதானத்தில் ஆள் இல்லை. ஒரு பெண் நாயோடு சுற்றிக்கொண்டிருந்தார். பெஞ்சில் உட்கார்ந்து டப்பாக்களைத் திறந்தேன். குழம்பு ஆறிக் கட்டியாக இருந்தது. லவ் அண்ணன் கிழங்கைப் பிட்டு, குழம்பில் புரட்டி, வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார்.

"எரிவு கம்மி" என்றார் கடைசியில், தமிழில். எங்கள் ஊரில் எரிவு என்றால் காரம்.

சாப்பிட்டதும் பந்தைப் போட்டேன். வேண்டாம் என்றார். பிறகு கோட்டைக் கழற்றிப் பெஞ்சில் மடித்து வைத்தார். நொண்டிக்கொண்டு நாலு எட்டு வந்து வலது காலால் ஒன்று விட்டார் பாருங்கள். சொத சொதவென்ற ஈரப் புல்லில் இருந்து பந்து கிளம்பிய சத்தமே வேறு. மூலையில் போய் விழுந்தது. இன்னொன்று, அதே மூலை. இன்னொன்று. நான் பந்து பொறுக்கியே மூச்சு வாங்கினேன்.

"இடது காலால் ஒண்ணு, லவ் அண்ணே! அன்னைக்கு மாதிரி!"

இடது காலால் அடித்தார். பந்து உருண்டு, தடம் மாறி, நாயிடம் போனது. நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று முதல்முறையாக அவர் சிரித்தார். "இடது கால் எனக்கு நிற்பதற்கு மட்டும்."

"அப்ப அன்னைக்கு எப்படி?"

"என்றைக்கு?"

சொன்னேன். எங்கள் ஊர், இறுதி ஆட்டம், கடைசி நிமிடம், பாதி மைதானம், இடது கால். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். பந்து போன வழியை விரலால் வானத்தில் வரைந்து காட்டினேன். கோப்பைக்கு அவர் பேர் வைத்திருப்பதையும் அப்போதுதான் சொன்னேன், அதைக் கடைசிவரை ரகசியமாக வைத்திருந்தேன் அசத்துவதற்காக.

அவர் போய் பெஞ்சில் உட்கார்ந்து கோட்டை மாட்டிக்கொண்டார்.

"அது நான் இல்லை."

விளையாடுகிறார் என்று நினைத்தேன்.

"எனக்கு முழங்கால் வீங்கியிருந்தது. போஸ்டர் ஒட்டியாகிவிட்டது, டிக்கெட் விற்றாகிவிட்டது. முந்தின வாரம்தான் எங்கள் நாட்டிலிருந்து ஒரு பையன் புதிதாக வந்திருந்தான். கிஃப்ட். கிஃப்ட் நமோகோ. மேனேஜர் எங்கள் இருவரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். ஒரே உயரம், ஒரே நிறம். போதும் என்றார். என் ஒன்பதாம் நம்பர் சட்டையை அவனுக்குப் போட்டுவிட்டார்கள்."

"நீங்க?"

"இரண்டு லவ்மோரைக் கூட்டம் பார்க்கக் கூடாதே. தென்னந்தோப்பில் வேன் நின்றது. கண்ணாடியை ஏற்றி, பின் சீட்டில் படுக்க வைத்தார்கள், முழங்காலில் ஐஸ் கட்டி. ஆட்டம் முழுவதையும் நான் மைக்கில் கேட்டேன். உங்கள் மைக் பிடிப்பவர் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். லவ்மோர் ஓடுகிறார், லவ்மோர் விழுந்தார், லவ்மோர் எழுந்தார். நான் அசையாமல் படுத்திருந்தேன். கடைசியில் என் பேரை மூன்று முறை கூப்பிட்டார். வெடி வெடித்தது. வேன் கண்ணாடி அதிர்ந்தது. அத்தனை ஆயிரம் பேர் என் பேரைக் கத்தினார்கள். அப்படி யாரும் என் பேரைச் சொன்னது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை."

நாய்க்காரப் பெண் எங்களைக் கடந்து போனார். லவ் அண்ணன் தொடர்ந்தார்.

"மறுநாள் காலை டீக்கடையில் எனக்குப் புரோட்டா இலவசம். கிஃப்ட் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் கொடுத்தார்கள், என் நண்பன் என்பதால். அவன் சிரித்துக்கொண்டேதான் சாப்பிட்டான். பிறகு அவன் அம்மாவிடம் ஃபோனில் பேசினான். கோல் அடித்தேன் என்றான். உன் பேரைச் சொன்னார்களா என்று அம்மா கேட்டிருக்க வேண்டும். சொன்னார்கள், மூன்று முறை சொன்னார்கள் என்றான்."

கிஃப்ட் அந்த சீசனோடு போய்விட்டார். நம்பர் மாறியது, தொடர்பு விட்டுப்போனது. "ஃபேஸ்புக்கில் தேடினேன். அந்தப் பேரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். யார் படத்திலும் கால் தெரியவில்லை."

நான் கண்ணை மூடி அந்தக் கோலை ஓட்டிப் பார்த்தேன். பந்து தெளிவாக வந்தது. புழுதி, வலை, விளக்கில் மொய்த்த பூச்சிகூட வந்தது. அடித்தவரின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் போஸ்டர் முகம் இருந்தது. இத்தனை வருடமும் போஸ்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"வீடியோ எடு, பேசுகிறேன்" என்றார் லவ் அண்ணன். "ஆனால் அந்தக் கோல் அவனுடையது என்று சொல்வேன். கோப்பையில் அவன் பேர் வரட்டும். முடியாது என்றால் நான் பேசவில்லை. நீ கிளம்பு, குழம்புக்கு நன்றி."

மணி ஒன்றேகால். ஜெரோம் அண்ணனுக்கு ஃபோன் போட்டேன், ஸ்பீக்கரில். பின்னணியில் செண்டைமேளம்.

"மக்கா, வீடியோ எங்கலே? இங்க ஆளு நிறைஞ்சாச்சு."

"அண்ணே, ஒரு பிரச்சனை. அந்தக் கோலு இவரு அடிக்கல்ல."

"பின்ன யாரு, நானா அடிச்சேன்?"

விஷயத்தைச் சொன்னேன்.

"லே, ஃபிளெக்ஸ் அடிச்சாச்சு. கோப்பையில பேரு வெட்டியாச்சு. இப்ப வந்து ஆளு வேறன்னா நான் கடல்லதான் சாடணும். ரெண்டு பேரும் ஒரே நாடுதானே, ஒரே டீம்தானே? விட்டுரு மக்கா. அவருகிட்ட நல்லவிதமாச் சொல்லு."

"அண்ணே, உங்களுக்கு அந்த முகம் ஞாபகம் இருக்கா?"

"இல்லாமலா? கோலு அடிச்சதும் உள்ள ஓடிப்போயி அவரு தோள்ல துண்டு போட்டவனே நான்தாம்ல. ஒரு சாண் தூரத்துல நின்னு..." அங்கே நிறுத்தினார். மேளமும் அந்த நேரம் பார்த்து நின்றது. "ஒரு சாண் தூரம்லே" என்றார் மறுபடியும், சத்தம் இல்லாமல். பிறகு, "இரு, மாமாகிட்ட குடுக்கேன்."

ஸ்டீபன் மாமாவின் குரல் வந்ததும் லவ் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் அந்த மனிதரைப் பார்த்ததே இல்லை. குரலை மட்டும் தெரியும்.

"ஆரு, லவ்மோரா? அங்க இருக்காரா?" பகலில் ஆட்டோ ஓட்டும் ஸ்டீபன் மாமாவுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. "மக்ளே, நான் மைக் பிடிச்ச காலத்துல ஒரு பேரைத் தப்பா விளிச்சது கிடையாது. சப்ஸ்டிட்யூட்டு பேருகூடத் தப்பாது. அப்ப அன்னைக்குத் தப்பிட்டே? மூணு தடவையும் தப்பிட்டே?"

"உங்க மேல தப்பு இல்ல மாமா. உங்ககிட்ட குடுத்த பேரை விளிச்சீங்க."

"பேரு என்ன? எழுத்து எழுத்தாச் சொல்லு."

நான் சொல்லுமுன் லவ் அண்ணன் ஃபோனை வாங்கிக்கொண்டார். "கிஃப்ட்" என்றார். "ந. மோ. கோ." அந்தப் பக்கம் மாமா திருப்பிச் சொன்னார். இவர் திருத்தினார். மாமா மறுபடி சொன்னார். எட்மண்டனில் ஒருவரும் என் ஊரில் ஒருவரும் ஒரு பேரைப் பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள், நான் நடுவில் பெஞ்சில் குளிரில் விறைத்துக்கொண்டிருந்தேன்.

கோப்பையில் பேரை மாற்றி வெட்டலாம் என்று ஜெரோம் அண்ணனும் ஒப்புக்கொண்டதும், வீடியோவை அவசரமாக எடுத்து அனுப்பினேன். ஒரு நிமிடம்கூட வராது. லவ் அண்ணன் கோல் கம்பத்தின் முன் நின்று நடந்ததைச் சொன்னார், கிஃப்ட் எங்கேயாவது இருந்தால் கூப்பிடச் சொன்னார், கடைசியில் எங்கள் ஊர்த் தமிழில், நன்றாக ஆடுங்கள் என்ற பொருளில், "நல்லா களிங்க மக்களே" என்றார்.

இரண்டு மணிக்கு ஜெரோம் அண்ணன் வீடியோ கால் போட்டார். நெட்வொர்க் மோசம். மைதானம் கட்டம் கட்டமாக உறைந்து நின்றது, சத்தம் மட்டும் வந்தது. திரையில் லவ் அண்ணன் பேசி முடித்திருக்க வேண்டும். கூட்டம் குழம்பிப்போய் முணுமுணுத்தது. பிறகு மைக்கை ஊதும் சத்தம்.

"நாட்டுக்காரே" என்றார் ஸ்டீபன் மாமா. "நமக்கு ஒரு கோலு பாக்கி கிடக்கு. ஆளு மாறி விளிச்சுப்போட்டோம். இப்ப சரியா விளிக்கேன்."

நிறுத்தினார். மூச்சு எடுப்பது கேட்டது.

"கிஃப்ட் நமோகோ... கிஃப்ட் நமோகோ... கிஃப்ட் நமோகோஓஓஓ!"

அந்த 'ஓ' முடிந்த இடத்தில் வெடி வெடித்தது.

யாரும் ஏற்பாடு செய்யவில்லை. ஆட்டம் இன்னும் தொடங்கவேயில்லை. மைதானத்துக்குப் பின்னால் நின்ற வெடிக்காரருக்குத் திரையும் தெரியாது, பேச்சும் சரியாகக் கேட்காது. மூன்று முறை ஒரு பேர், மூன்றாவது இழுப்பு, அவ்வளவுதான் அவர் கணக்கு. கோல் என்று நினைத்துப் பற்ற வைத்துவிட்டார். வெடி கேட்டதும் கேலரியும் எழுந்துவிட்டது. எதற்கென்று தெரியாமலே ஆயிரக்கணக்கில் கத்தினார்கள். "லே, எவம்ல வெடிச்சது?" என்று ஜெரோம் அண்ணன் அலறியதோடு லைன் அறுந்தது.

லவ் அண்ணன் ஃபோனைக் காதில் வைத்தபடியே இருந்தார். லைன் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. "வேனில் கேட்டதும் இதே மாதிரிதான் இருந்தது" என்றார். "கண்ணாடிதான் இல்லை."

முகத்தைத் தொப்பியால் துடைத்துக்கொண்டார். பிறகு டப்பாக்களைக் குழாயில் கழுவி, உலர்த்தி, என்னிடம் கொடுத்தார்.

மூன்றரைக்குக் கிளம்பினேன். குளிரில் மறுபடி ரயில் மாறி நடக்க மனமில்லை, பஸ்ஸில் போகலாம் என்று தோன்றியது. ஒரு பவுண்டு எழுபத்தைந்து. ஒரு மணி நேரத்துக்குள் ஏறினால் அதே காசில் அடுத்த பஸ்ஸும் உண்டு. நிறுத்தம்வரை அவரும் வந்தார். மழையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பஸ் தூரத்தில் தெரிந்தபோது என்னைப் பார்த்து, "உன் பேர் என்ன?" என்றார்.

காலையிலிருந்து கூட இருந்திருக்கிறேன். அவர் பிறந்த ஊர், ஆலை, ஏஜென்ட், முழங்கால், மனைவியின் ஷிப்ட் எல்லாம் கேட்டிருக்கிறேன். என் பேரைச் சொல்லவேயில்லை. குணம் அண்ணையும் "எங்கட வீட்டுத் தம்பி" என்றுதான் சொல்லி அனுப்பியிருந்தார்.

"ஜெனிஷ்."

"ஜெனிஷ்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஏறி, கார்டைக் காட்டி, மாடிக்குப் போய் முன் சீட்டில் உட்கார்ந்தேன். பஸ் கிளம்பவில்லை, சிக்னல். அப்போது கீழேயிருந்து அந்தச் சத்தம் வந்தது.

"ஜெனிஷ்... ஜெனிஷ்... ஜெனீஈஈஈஷ்!"

நடைபாதையில் நின்று, கையைக் குவித்து வாயில் வைத்து, ஸ்டீபன் மாமாவின் இழுப்பு பிசகாமல். சந்தையிலிருந்து பைகளோடு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு புறாக்கூட்டம் எழும்பியது. மாடியில் இருந்த நாலு பேரும் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தார்கள். ஆமாம், நான்தான் என்பதுபோல் தலையை ஆட்டினேன்.

எங்கள் ஊரில் மைக் ஓய்வதில்லை. கோயில் மைக்கில் ஒரு பேர், மைதான மைக்கில் ஒரு பேர், காணாமல் போன பிள்ளையின் பேர், ஆஸ்பத்திரியில் உடனே ரத்தம் வேண்டியவர் பேர். ஒரு வாரம் ஊரில் இருந்தால் எல்லார் பேரையும் ஒரு தடவையாவது காற்றில் கேட்டுவிடலாம். இந்த ஊரிலும் ஒலிபெருக்கிகள் ஓய்வதில்லை, ஆனால் அவை இடங்களின் பேரை மட்டும் சொல்கின்றன.

சிக்னல் பச்சையானது. அவர் கையை இறக்கிக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, முழங்காலை மடக்காமல், சலவைக்கு நேரமாகிவிட்டவர் போலத் திரும்பி நடந்தார். பஸ்ஸின் பெண்குரல் அடுத்த நிறுத்தத்தின் பேரைத் தப்பில்லாமல் சொன்னது. ஒரே ஒருமுறை.